கடைவீதியைப் புதுப்பிக்குமுன் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டுமா?

4 அக்டோபர், காலை – ஒரு வாசகரின் கேள்வி

வடசென்னையில் எங்கள் பகுதிக் கடைவீதியைப் புதுப்பிக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நடைபாதை அகலமாகுமாம், வண்டி நிறுத்தம் ஒழுங்காகுமாம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சிலர், வரைபடம் போடுவதற்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், வேலை தொடங்கவே தொடங்காது. தியாகராய நகரில் பாண்டி பஜார் சாலையைப் புதுப்பித்தபோது யாரைக் கேட்டார்கள்? கட்டி முடித்தார்கள், இன்று எல்லோரும் பிள்ளைகளோடு போய் உட்காருகிறோம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 அக்டோபர், இரவு

பாண்டி பஜாரைச் சொன்னதால் எழுதுகிறேன். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவன் நான். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். அந்தச் சாலையில் வேலைக்கு நடந்தே வயதாகிவிட்டது.

கேட்காமல் கட்டினார்கள் என்பது பாதிதான் உண்மை. 2019 நவம்பரில் திறப்பதற்கு வெகு முன்பே, தடுப்புகள் வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் சாலையைத் திறந்து ஒத்திகை பார்த்தார்கள். காரை நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் நிஜமாகவே பயந்தார்கள். எங்கள் முதலாளியும் பயந்தார். அந்தப் பயத்தை எந்தக் கூட்டத்திலும் பேசித் தீர்த்திருக்க முடியாது. சாலையில் ஆட்கள் நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தணிந்தார்கள். வண்டியே இல்லாத சாலை என்று தொடங்கிய பேச்சு, அகலமான நடைபாதையும் நடுவே வண்டி போக வழியும் என்ற அளவில் வந்து நின்றது. ஒத்திகையும் ஒரு வகைக் கேட்புதான். சொல்லப்போனால் கூட்டத்தைவிட நேர்மையான கேட்பு.

கேட்காமல் விட்டதும் உண்டு. அது நீளமான கதை, தனியே எழுதுகிறேன்.

5 அக்டோபர்

ஒருவர் கேட்கிறார்: "மக்களைக் கேட்க வேண்டியது மாமன்ற உறுப்பினரின் வேலைதானே, சங்கம் எதற்கு?"

சரியான கேள்வி. ஆனால் பாண்டி பஜார் திட்டம் போடப்பட்டுக் கட்டப்பட்ட காலத்தில் சென்னையில் மாமன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் முழுக்க முழுக்க அதிகாரிகள் நிர்வாகம். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் சென்னையும் தேர்வாகி, தியாகராய நகர் அதில் முக்கியப் பகுதியானது. பணம் வந்தது, வேலை வந்தது, கேள்வி கேட்க வார்டுக்கு ஓர் ஆள் இல்லை. இணையத்தில் கருத்து கேட்டார்கள். எங்கள் தெருமுனையில் வாழைப்பூ விற்கிற அம்மா இணையத்தில் என்ன சொல்லியிருப்பார்?

சாலை நன்றாக வந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர் இறங்காமல் ஏறாமல் நடைபாதையிலேயே நெடுந்தூரம் போவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை தரும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது, இந்திய நகரங்களில் முதலாவதாக. அந்தக் கொள்கை காகிதத்தில் நிற்காமல் ஒரு சாலையிலாவது தரைக்கு வந்தது பெரிய விஷயம். என் வாதம் வேறு. நன்றாக வந்த சாலையிலும் கேட்காததால் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடைவீதியில் அவர்கள் விடுபடக் கூடாது.

7 அக்டோபர், அதிகாலை

நடைபாதை வியாபாரிகளைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நடைபாதை அகலமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை ஒரு வணிக வளாகத்துக்குள் மாற்றினார்கள். நீதிமன்றம் வரை போன நீண்ட வழக்கின் முடிவு அது. கூரை இருக்கிறது, மழைக்குப் பயமில்லை, காலையில் பிடித்த இடத்தை மாலையில் இன்னொருவர் பறிக்க முடியாது. இதெல்லாம் நன்மைகள். ஆனால் ஒரு கம்மல் வாங்கலாம் என்று யாரும் வீட்டிலிருந்து முடிவுசெய்து கிளம்புவதில்லை. புடவை எடுத்துவிட்டு வெளியே வருகிறவர் கண்ணில் பட்டால் நின்று வாங்குவார், படாவிட்டால் நேரே பஸ் ஏறிவிடுவார். மாடிப்படி ஏறி யார் போய் ஹேர்பின் வாங்குவார்? இது அந்த வியாபாரம் செய்கிற எவருக்கும் தெரியும். நடந்துபோகிறவரின் கையெட்டும் தூரத்தில் சரக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களின் கோரிக்கை. கட்டடம் வரைகிறவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவேதான் வரைவதற்கு முன் கேட்க வேண்டும் என்கிறோம்.

இன்று சட்டமே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. உங்கள் வீதியில் கணக்கெடுப்பு நடந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். கூட்டம், மனு எல்லாம் அதற்குப் பிறகு.

7 அக்டோபர், பிற்பகல்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். காலைக் கடை வேறு, மாலைக் கடை வேறு. ஒரே பத்தடி இடத்தில் காலை ஐந்து மணிக்குக் கீரைக்காரர், பத்து மணிக்குச் செருப்புத் தைப்பவர், மாலை நான்கு மணிக்குச் சோளம் சுடுபவர். பகல் பதினொரு மணிக்குக் கணக்கெடுக்கப் போனால் மூவரில் ஒருவர்தான் பட்டியலில் ஏறுவார். மற்ற இருவரும் அரசாங்கத்தின் கண்ணில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

9 அக்டோபர்

கேள்வி கேட்ட நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் மைக்கைப் பிடித்துக்கொள்வார்கள்."

நானும் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். எந்தத் துறை, எந்த ஆண்டு என்பது வேண்டாம். வேலை நாள், காலை பதினொரு மணி, சமுதாயக் கூடம். சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். அச்சுக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தது போல மடிப்பு கலையாத பளபளப்புத் தாள். தெருப்பெயர்கள்கூட ஆங்கிலத்தில். பச்சைப் புள்ளிகள் மரங்களாம். எங்கள் தெருவில் நிஜமாக நிற்கிற தூங்குமூஞ்சி மரம் அதில் இல்லை, இல்லாத இடத்தில் எட்டு மரம் இருந்தது. நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஓர் அம்மா, "இதில் பிள்ளையார் கோவில் எங்கே?" என்று கேட்டார். காட்ட வந்த இளம் பொறியாளரால் காட்ட முடியவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன், வரைந்தவர் வேறொருவர், அனுப்பப்பட்டவர் அவர். அந்த அம்மாவுக்குக் கோவில் கிடைத்திருந்தால், அங்கிருந்து தன் வீடு, குழாயடி, பள்ளிக்கூடம் என்று விரலை நகர்த்தி எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். கிடைக்காததால் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடியும் வரை வாய் திறக்கவில்லை.

பேசியது யார்? கடைக்காரர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர், ஒரு கட்சிக்காரர். பேசியதும் நல்ல விஷயங்கள்தான். கடைசியில், வரைபடத்தில் எதை மாற்றலாம் என்று ஒருவர் கேட்டபோது, ஒப்பந்தப்புள்ளி ஏற்கெனவே கோரப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்த நிமிடத்தில் கூடத்தில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பின் அந்தப் பகுதியில் எந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேரவில்லை. ஆகவே நண்பரே, மக்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதால் வேலை கெடுவதில்லை. முடிவெடுத்த பிறகு கேட்பதால் மக்கள் மனம் கெட்டுப்போகிறது, அடுத்த வேலைக்கும் சேர்த்தே கெட்டுப்போகிறது.

9 அக்டோபர், இரவு

வேறு எப்படிக் கேட்பது என்று கேட்டவருக்கு:

நடந்து கேட்க வேண்டும். பொறியாளரும் குடியிருப்பவர்களும் சேர்ந்து வீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். ஒரு முறை விடியற்காலையில், ஒரு முறை பள்ளி விடும் நேரத்தில், ஒரு முறை கடை அடைக்கும் இரவில். சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் போதும். நடைபாதை எதுவரை வரும் என்பதைத் தரையிலேயே கோடு போட்டுக் காட்டினால் வரைபடம் படிக்கத் தெரியாதவரும் பேசுவார். "இந்தக் கோட்டில் என் இஸ்திரி வண்டி நிற்கும், சக்கரத்தை எங்கே வைப்பது?" என்று கேட்பார். "மின்வாரியப் பெட்டி இங்கே இருக்கிறதே, நடைபாதை அதை முட்டிக்கொண்டு நிற்குமா, சுற்றிப் போகுமா?" என்று கேட்பார். நடைபாதையின் விளிம்பு உயரம் எத்தனை அங்குலம் என்பதைப் பாட்டி ஒருவர் காலை வைத்துப் பார்த்து, ஏற முடியாது என்று சொல்வார். அந்த ஒரு பாட்டியின் பதிலைப் பொறியியல் புத்தகத்தில் தேட முடியாது.

கூட்டம்தான் வைக்க வேண்டும் என்றால் நேரத்தை மாற்றுங்கள். கடை ஊழியர் இரவு பத்து மணிக்கு முன் வர முடியாது. ஜவுளிக்கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் எத்தனை பேர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து அந்தத் தெருக்களிலேயே விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஊரில் இருக்கும். உறக்கமும் குளியலும் சாப்பாடும் இங்கே. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வெளியே வந்தால் உட்கார ஒரு திண்ணை கிடையாது, பெண்பிள்ளைகளுக்கு நம்பிப் போகக் கழிப்பறை கிடையாது. கடைவீதியில் யாருக்குக் கழிப்பறை வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் இடத்தையும் காட்டுவார்கள்.

12 அக்டோபர்

"எல்லாரையும் கேள் என்கிறீர்கள், சரி. குடியிருப்பவர்கள் சொல்வதெல்லாம் நியாயமா?" இது தாம்பரத்திலிருந்து ஒருவர். இதை இரண்டு நாள் யோசித்தேன்.

நியாயமில்லாததும் சொல்வார்கள். எங்கள் பகுதிச் சங்கங்களில் நான் அதிகம் கேட்ட கோரிக்கை, தள்ளுவண்டிகளை அகற்று என்பது. அதைச் சொல்கிற வீட்டிலேயே காலையில் தள்ளுவண்டியில்தான் காய் வாங்குகிறார்கள். தன் வாசலில் கார் நிறுத்த உரிமை வேண்டும் என்பது இன்னொன்று. பொதுச் சாலையில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது என்று சொன்னால் கோபம் வருகிறது. சங்கம் என்றாலே பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம்தான். வாடகைக்கு இருப்பவர் கூட்டத்துக்கு வந்தாலும் ஓரமாகத்தான் உட்காருகிறார். வீதி அழகானால் வாடகை ஏறும், ஏறினால் முதலில் காலி செய்பவர் அவர்தான். ஆனாலும் அவருக்கு அந்தக் கூட்டத்தில் குரல் இல்லை.

ஆகவே, கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் செய்வது என்று பொருளில்லை. யார் என்ன கேட்டார்கள், எதை ஏற்றோம், எதை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று எழுதி வீதியில் ஒட்ட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய தகவல்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும். யாரும் மனு போடாமலே செய்ய வேண்டிய கடமை அது. "உன் கோரிக்கையை மறுத்தோம், காரணம் இது" என்று முகத்துக்கு நேரே சொன்னால் சென்னைக்காரர் திட்டுவார், பிறகு ஏற்றுக்கொள்வார். பதிலே சொல்லாமல் விடுவதைத்தான் அவரால் மன்னிக்க முடியாது.

13 அக்டோபர்

தாம்பரம் நண்பர் சும்மா விடவில்லை. குடியிருப்பவர்கள் எதிர்த்த காலத்திலும் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றனவே என்று ஜார்ஜ் டவுனில் இருந்த பழைய காய்கறி மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியைச் சொல்கிறார்.

ஆமாம். 1996-இல் காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனது. வியாபாரிகள் எளிதில் கிளம்பவில்லை. போகாமல் இருந்திருந்தால் பாரிமுனை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. அந்தத் தெருக்களில் லாரி நுழைந்தால் சைக்கிள்கூடத் திரும்ப முடியாது. மாற்றம் தேவைதான். ஆனால் அங்கே கடைக்காரருக்குக் கடை எண் இருந்தது, அவருக்கு மாற்றிடம் கொடுக்கலாம். அவரை நம்பி மூட்டை தூக்கியவருக்கும், மூட்டை தூக்கியவருக்கு இட்லி விற்ற ஆயாவுக்கும் எண் ஏது? அவர்கள் வீடு பக்கத்துச் சந்தில், பிழைப்பு பத்துக் கிலோமீட்டர் தள்ளி. எண் இல்லாதவர்களை எண்ணுவதற்குத்தான் கேட்பு வேண்டும்.

இதைவிட எனக்கு வலிக்கிற கதை மூர் மார்க்கெட். சென்ட்ரல் பக்கத்தில் 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, கிளி, முயல், எல்லாம் கிடைக்கும். என் அப்பா எனக்கு முதல் அகராதியை அங்கேதான் பேரம் பேசி வாங்கிக்கொடுத்தார். ரயில்வேக்கு அந்த இடம் தேவைப்பட்டது, வியாபாரிகள் மறுத்தார்கள், இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே 1985 மே மாதம் தீயில் போனது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம். மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் மிச்சம். கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. புத்தகக்காரர்கள் சிலர் இன்றும் அங்கே இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். மூர் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே பார்த்ததில்லை.

18 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது. ஆகவே மழையைப் பற்றி.

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் நிற்கிறது. மயிலாப்பூர் ஏரி என்று பழைய வரைபடங்களில் இருக்கும் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான நகர் இது. பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். தண்ணீருக்குத் தன் பழைய இடம் நன்றாகவே நினைவிருக்கிறது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நவீனமாக்கிய பகுதியிலேயே தண்ணீர் நிற்கிறதே என்று ஊரே கேட்டது.

இங்கேதான் குடியிருப்பவரின் அறிவு வேலைக்கு வர வேண்டும். எந்த வீட்டின் எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறியது என்பது அந்தந்த வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளம் வந்த ஆண்டுகளைக் கரிக்கோட்டால் குறித்து வைத்திருக்கிறார்கள், 2015 கோடுதான் உச்சியில். நடைபாதையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் திரும்பும் என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். புதிய கல் பதித்து நடைபாதை ஆறு அங்குலம் உயர்ந்ததும், பக்கத்துப் பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிடுகிறது. மாம்பலம் பக்கம் இப்படிப் பள்ளமான வாசல்களை நான் வரிசையாகக் காட்ட முடியும். உங்கள் சங்கத்தில் இப்போதே, இந்த மழையிலேயே, வீடு வீடாகத் தண்ணீர் நிற்கும் இடத்தைப் படம் பிடித்துத் தேதியோடு சேர்த்து வையுங்கள். கோடையில் பொறியாளர் வரும்போது தெரு காய்ந்து கிடக்கும். எங்கும் தண்ணீர் நிற்காதது போலத்தான் தெரியும்.

19 அக்டோபர்

ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்கு ஆகாய நடைபாதை தீர்வாகாதா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். மின்தூக்கி உண்டு. ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு வரப்பிரசாதம், தீபாவளி நேரத்தில் முதியவர்களுக்கு அதைவிட. கடைக்கு வருகிறவர் கீழேதான் நடப்பார், அது இயற்கை. ஆகவே அது ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு ஆட்களின் பிரச்சினை.

27 அக்டோபர்

நண்பர் மனம் மாறியிருக்கிறார் போலிருக்கிறது. "சரி, கேட்கலாம். யார் வழியாக?" என்று எழுதியிருக்கிறார்.

பகுதி சபை வழியாக. சபை என்றால் கிராமத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. கிராம சபை போல நகரத்துக்கும் உண்டு. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1990-களிலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் நாளில் சபைகள் கூடின. சென்னையில் 200 வார்டுகள். ஒரு வார்டுக்குச் சராசரி 30,000 பேருக்கு மேல். ஒரு மாமன்ற உறுப்பினரால் அத்தனை பேரையும் கேட்க முடியாது என்பதால்தான் வார்டையே பல பகுதிகளாகப் பிரித்தார்கள்.

நவம்பர் 1 நெருங்குகிறது. உறுப்பினரைப் பார்த்து, கடைவீதித் திட்டத்தைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. தீர்மானம் பதிவேட்டில் ஏற வேண்டும். இன்னொன்று: இந்த நகரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) புதிதாகப் போட வேண்டும் என்றால் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மக்களின் ஆட்சேபத்துக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு வீதியைத் தோண்டிப் புதுப்பிக்க அப்படி ஒரு கட்டாய அவகாசம் இல்லை. நகரத்துக்கு இரண்டு மாதம், என் வாசலுக்கு ஒரு நாள்கூட இல்லை என்றால் அது என்ன முறை? சபையில் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள்: வரைபடம் தமிழில் வீதியில் முப்பது நாள் ஒட்டப்பட்ட பிறகே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று.

2 நவம்பர்

சபையில் பத்து நிமிடம்தான் கிடைத்தது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடம் கிடைத்ததே நல்லது. பூக்காரர்கள் மூன்று பேர் வந்து பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கக் குழாய் வேண்டும் என்று அவர்கள் கேட்டதைப் பொறியாளர் குறித்துக்கொண்டார் என்றால், உங்கள் கூட்டம் நான் போன கூட்டத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

விரிவான திட்ட அறிக்கையைத் தர மறுத்தால் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். அறிக்கையில் கடைவீதியின் குறுக்கு வெட்டு வரைபடத்தைத் தனியாகக் கேளுங்கள். நடைபாதை அகலம், வடிகால் ஆழம், விளிம்பு உயரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அழகுப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

8 நவம்பர்

கடைசியாக, வேலை நடக்கும் காலத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ சுரங்க நிலையத்துக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து சுற்றுத்தெருக் கடைகள் எப்படி நாளைக் கடத்தின என்று பார்த்தவன் நான். பெரிய கடைக்கு நாலு கிளை உண்டு, ஒன்றில் போனதை இன்னொன்றில் பிடிக்கும். தகரத் தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட லைனிங் துணிக்கடைக்காரர் என்ன செய்வார்? வாடகை நிற்காது, கடன் தவணை நிற்காது, வாடிக்கையாளர் மட்டும் நின்றுவிடுவார். வேலை முடிந்து வீதி அழகாகும்போது அவர் அங்கே இல்லை. புதிதாக ஒரு காபிக் கடை இருக்கிறது.

ஆகவே அடுத்த சந்திப்பில் பொறியாளரிடம் இவற்றைக் கேளுங்கள். வீதியின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தோண்டுவீர்களா, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கமா? குடிநீர், கழிவுநீர், மின்சாரம் மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே முறை தோண்டுமா? ஆடி முடிந்து தீபாவளி வரை, பிறகு பொங்கல் வரை தோண்டாமல் இருக்க ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட முடியுமா? தடுப்பு வைக்கும்போது ஒவ்வொரு கடை வாசலுக்கும் பலகைப் பாலம் போடுவது யார் செலவு? அந்தக் காலத்துக்குக் கீரைக்காரரும் இஸ்திரிக்காரரும் எந்தத் தெருவில் நிற்பார்கள், அந்தத் தெருக்காரர்களிடம் யார் பேசுவது?

இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் சங்கமே பொறுப்பெடுக்கலாம். பக்கத்துத் தெருச் சங்கத்தை இப்போதே போய்ப் பாருங்கள், வேலை தொடங்கிய பிறகு போனால் சண்டையில்தான் முடியும்.